வடம் பிடிக்க ஓர் இடம்

(ஸ்ரீரங்கத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்கு ஆறு வயது. சித்திரைத் தேரன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்தார். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வந்த ஜனம் முதல் நாள் இரவே வீதிகளில் படுத்து எழுந்திருந்தது. அப்பா கூட்டத்தை மெல்ல விலக்கிக்கொண்டு முன்னால் போய்க் குனிந்து, என் கையைப் பிடித்து வடத்தின் மேல் வைத்தார். என் இரண்டு கைக்குள்ளும் அடங்காத வடம். அதன் சொரசொரப்பு இன்றைக்கும் என் உள்ளங்கைக்குத் தெரியும். தேர் நாலடி நகர்ந்தது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாட்டியிடம், "நான் தேர் இழுத்தேன்" என்றேன். பாட்டி சிரிக்கவில்லை. "ஆமாண்டி கண்ணா, நீயும் சேர்ந்துதான் இழுத்தே" என்றாள்.

தேர்த் திருவிழாவில் வேடிக்கை பார்க்கிறவர்கள் உண்டு, வடம் பிடிக்கிறவர்கள் உண்டு. இரண்டு கூட்டமும் ஒரே வீதியில்தான் நிற்கிறது, ஒரே தேரைத்தான் பார்க்கிறது. ஆனால் வீடு திரும்பும்போது இருவர் சொல்லும் சொல் வேறு. ஒருவர் 'பார்த்தேன்' என்பார். மற்றவர் 'இழுத்தோம்' என்பார். அந்த 'ஓம்' என்ற விகுதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை செய்கிற, ஒருவரையொருவர் மாதக்கணக்கில் நேரில் பார்க்காத நம் பிள்ளைகள், தங்கள் டீமைப் பற்றிப் பேசும்போது அந்த விகுதி வாயில் வருகிறதா? வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வி நம் ஊருக்கு நெருக்கமானது. திருவெறும்பூரில் பாய்லர் செய்கிறவர் வீட்டிலிருந்து வெல்டிங் செய்ய முடியாது. அவருக்கு ஆலைதான் இடம். ஆனால் திருச்சியில் பொறியியல் படித்துவிட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போன ஒரு தலைமுறை இருக்கிறது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்ததை ஒட்டிய நாட்களில், அந்தத் தலைமுறையில் பலர் லேப்டாப் பையோடு சொந்த வீட்டுக்குத் திரும்பினார்கள். உத்தர வீதியிலும் உறையூரிலும் தில்லைநகரிலும் மாடி அறைகள் அலுவலகங்களாயின. பூஜை அறைக்குப் பக்கத்தில் மீட்டிங் நடந்தது. பெற்றோருக்கு மகிழ்ச்சி. பிள்ளைகள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அதன் பிறகு அலுவலகங்கள் திறந்தன. என்றாலும் வாரத்தில் சில நாட்களோ எல்லா நாட்களுமோ வீட்டிலிருந்து வேலை என்பது பல துறைகளில் நிலைத்துவிட்டது. நானும் அந்தக் காலத்தில்தான் இங்கே திரும்பி வந்தேன். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு பேர் கொண்ட டீமுக்கு இந்த ஊரிலிருந்தபடியே பொறுப்பு வகித்தேன்.

வீட்டிலிருந்து வேலை செய்வதால் வேலை கெடுகிறது என்று சொல்ல நான் வரவில்லை. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து நிக்கோலஸ் புளூம் குழுவினர் செய்த ஆய்வு 2024-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே வேலையை விட்டுப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். வேலைத்திறனில் பாதிப்பு காணப்படவில்லை. பயண அலைச்சல் மிச்சமாகும் மனிதர் நிம்மதியாக இருக்கிறார். இதை நாம் அனுபவத்திலும் அறிவோம்.

இழப்பு வேறோர் இடத்தில் நடக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்கள் அமெரிக்க ஊழியர்கள் 61,182 பேரின் தொடர்புத் தடங்களை 2020-இன் முதல் பாதி வரை ஆராய்ந்தார்கள். யார் என்ன பேசினார் என்பதை விட்டுவிட்டு, யார் யாரோடு தொடர்பில் இருந்தார் என்பதை மட்டும் கணக்கெடுத்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, பிற குழுக்களோடு சேர்ந்து வேலை செய்யும் நேரத்தின் பங்கு சுமார் கால் பங்கு குறைந்தது. நெருக்கமானவர்கள் மேலும் நெருக்கமானார்கள். தூரத்துப் பழக்கம் தேய்ந்தது. நம் மொழியில் சொன்னால், டீக்கடைப் பழக்கம் போய்விட்டது. கேன்டீன் வரிசையில் முன்னால் நிற்கிறவரிடம் "எந்த ஊர்?" என்று கேட்பதும், அவர் லால்குடி என்றதும் நமக்கு லால்குடியில் ஓர் அத்தை இருப்பதைச் சொல்வதும், மூன்று மாதம் கழித்து ஒரு சிக்கலில் அவரிடமே உதவி கேட்பதும் ஒரே நூலின் முடிச்சுகள். திரையில் அந்த வரிசை இல்லை. அழைப்பு அனுப்பினால்தான் ஆள் வருகிறார். காரணம் இருந்தால்தான் அழைப்பு போகிறது.

இந்த இழப்பை உணர்ந்த நிறுவனங்கள் திரை வழியே விளையாட்டுகளும் கொண்டாட்டங்களும் நடத்தின. நானும் நடத்தினேன். முதலில் நான் செய்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வினாடி வினா. எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், கேமராவைப் போட்டுக்கொள்ள வேண்டும். கேள்விகள் எல்லாம் ஆங்கிலப் படங்களும் கிரிக்கெட்டும். பதினொரு பேரில் மூன்று பேர் பதில் சொல்வார்கள். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறு வாரம் நடந்தது. ஏழாவது வாரம் டீமில் ஒரு பெண் என்னைத் தனியே அழைத்தாள். "அக்கா, எட்டு மணிக்கு எங்க வீட்ல எல்லாரும் சாப்பிடுற நேரம். இருக்கிறது ஒரே ரூம். மாமனார் பின்னாடி உக்காந்திருப்பார். கேமராவை எங்க திருப்பினாலும் யாராவது தெரிவாங்க. வெள்ளிக்கிழமை வந்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது" என்றாள். மகிழ்ச்சிக்காக நான் தொடங்கிய ஒன்று ஒரு பெண்ணுக்கு வாரந்தோறும் பயமாகியிருந்தது. அந்தத் தவறு என்னுடையது. அன்றே அதை நிறுத்தினேன்.

எங்கே தவறியது என்று யோசித்தபோது எனக்கு வழிகாட்டியது திருச்சி வானொலி. ஆம், வானொலிதான்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. என் பாட்டி காலத்து வீடுகளில் அதன் குரல்தான் கடிகாரம். 1966-இல் விவசாயிகளுக்கான பண்ணை இல்ல ஒலிபரப்புக்கென்று இங்கே தனிப்பிரிவு ஏற்பட்டது. அந்த ஆண்டுகளில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றி இந்த நிலையம் தஞ்சை விவசாயிகளிடம் விடாமல் பேசியது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம், பூச்சி வந்தால் என்ன செய்வது என்று சொன்னது. தஞ்சைச் சீமை விவசாயிகள் அந்த நெல்லுக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதிகாரிகள் வைத்த எண்ணைவிட, தங்களிடம் பேசிய குரலின் பெயரே அவர்கள் வாயில் நின்றது. ஒருவரையொருவர் பார்க்காத மனிதர்களுக்கிடையே, குரல் மட்டும் கொண்டு இப்படி ஓர் உறவு உண்டாக முடிந்திருக்கிறது.

குரல் காதில் விழுந்தால் போதுமா? இதற்கு விடை சொல்லும் ஒரு பழைய சோதனை உண்டு. 1956-இல் யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி பூனாவைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில் வானொலி கிராம மன்றங்களை ஏற்படுத்தியது. கனடாவில் 1941-இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றம்தான் இதற்கு முன்மாதிரி. சுமார் 150 கிராமங்கள். ஒவ்வொன்றிலும் இருபது பேர் வரை வாரம் இரண்டு மாலை வானொலியைச் சுற்றி உட்கார்வார்கள். அரை மணி நேர நிகழ்ச்சி. முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுப் பேசுவார்கள். என்ன முடிவு செய்தார்கள், எந்தச் சந்தேகம் தீரவில்லை என்பதை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். நிலையம் பின்னொரு நிகழ்ச்சியில் பதில் சொல்லும். கேள், விவாதி, செயல்படு என்பது அந்த மன்றங்களின் முழக்கம்.

டாடா சமூக அறிவியல் கழகத்தின் சார்பில் பால் நியூராத் என்ற சமூகவியலாளர் இதை மதிப்பிட்டார். மன்றம் இருந்த கிராமங்களை, வானொலி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களோடும் வானொலியே இல்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு பெரிதாக வளர்ந்திருந்தது. மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி மிகச் சொற்பம், வானொலி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பெட்டி இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் பெரிய வேறுபாடில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். வேறுபாட்டை உண்டாக்கியது, பெட்டியை அணைத்த பிறகு ஆளுக்கு ஆள் கிடைத்த பேச்சு. எங்கோ இருக்கும் நிலையம் தங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் என்ற நம்பிக்கை. அந்த இருபது பேரும் வடம் பிடித்தவர்கள்.

என் வெள்ளிக்கிழமை வினாடி வினா, மன்றம் இல்லாத வானொலியாக இருந்தது. பெட்டி பேசியது, எட்டுப் பேர் கேட்டார்கள்.

இதே உண்மையை இலங்கை வானொலி இன்னொரு விதமாக அறிந்திருந்தது. நம்மில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த மாலைகள் நினைவிருக்கும். பாட்டு ஒலிப்பதற்கு முன் விரும்பிக் கேட்டவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். இந்த ஊர் இன்னார், அந்த ஊர் இன்னார் என்று அறிவிப்பாளர் வாசிப்பார். தன் பெயர் கடல் தாண்டிய நிலையத்திலிருந்து ஒலிப்பதற்காக அஞ்சலட்டை வாங்கி எழுதியவர்கள் எத்தனை பேர்! பி. எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' இன்னொரு படி மேலே போய் நேயரையே ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. கேட்டுக்கொண்டிருந்தவர் பாடுகிறவர் ஆனார். அந்த நிகழ்ச்சியின் பெயர் பின்னால் ஒரு விளையாட்டின் பெயராகவே ஆகி, ரயில் பயணத்திலும் மொட்டை மாடியிலும் விளையாடப்பட்டது.

இணையம் வந்த பிறகு தமிழர்கள் கண்ட முதல் பெரும் தொலைதூரக் குழுக்களில் ஒன்று மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதை முன்னின்று நடத்தினார். தமிழ் இலக்கிய நூல்களைக் கணினியில் ஏற்றி யாரும் இலவசமாகப் படிக்கக் கொடுப்பது நோக்கம். ஒருவர் ஒரு நாட்டில் தட்டச்சு செய்வார். இன்னொருவர் வேறொரு நாட்டில் மெய்ப்புப் பார்ப்பார். சம்பளம் கிடையாது. பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதும் இல்லை. அவர்கள் ஏற்றிய நூல் ஒன்றைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர் இருக்கும். எங்கோ இரவில் கண் விழித்து ஒரு நூறு பக்கம் அடித்தவரின் பெயர், அந்த நூல் திறக்கப்படும்போதெல்லாம் கூடவே திறக்கிறது. இத்தனை ஆண்டுகள் அந்தத் திட்டம் நிற்பதற்கு அந்தப் பெயர் வரியும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் இங்கே சொல்லாமல் போக முடியாது. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, இங்கே ஆண்கள் உயர்நிலைப் பள்ளியிலும் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் படித்த ரங்கராஜன், எழுத்தாளர் சுஜாதாவாகத் தமிழுக்குக் கணினியை அறிமுகம் செய்தார். 'அம்பலம்' என்ற இணைய இதழின் ஆசிரியராக இருந்தபோது வாசகர்களோடு இணைய வழி அரட்டையிலும் உட்கார்ந்தார். இணைய இணைப்புக்குத் தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்த காலம் அது. ஊரறிந்த எழுத்தாளர் ஒருவர், எங்கோ ஒரு ஊரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் இளைஞன் தட்டிய கேள்விக்கு அங்கேயே அப்போதே பதில் தட்டினார். அந்த இளைஞனுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

கிராம மன்றத்தில் கேள்விக்குப் பதில் வந்தது. இலங்கை வானொலியில் பெயர் ஒலித்தது. மதுரைத் திட்டத்தில் நூலின் முதல் பக்கத்தில் பெயர் நின்றது. எல்லாம் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தன் முறை என்று ஒன்று வந்தது. தூரத்தில் இருக்கிறவர்களைச் சேர்த்துக் கட்டுவது அந்த முறைதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் டீமில் நாங்கள் செய்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன்.

முதல் காரியத்துக்கு ஒலி விடுகதை என்று பெயர் வைத்தோம். வாரம் ஒருவர், தன் வீட்டிலோ தெருவிலோ கேட்கும் ஏதாவது ஓர் ஓசையைப் பத்து நொடி பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, அலுவலக நேரத்தில், இருபது நிமிடம் கூடிப் பேசுவோம். கேமரா தேவையில்லை. நான் அனுப்பியது காவிரிப் பாலத்தில் போகும் சரக்கு ரயிலின் சத்தம். பயணிகள் ரயில் நின்றுபோயிருந்த அந்த நாட்களில் எங்களுக்கு அது ஒன்றே துணை. ஒருவர் இட்லிப் பானையின் மூடி தடதடக்கும் சத்தத்தை அனுப்பினார். அதை எல்லோரும் மழை என்றார்கள்.

முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி எங்கள் டீமில் இருந்தார். டெஸ்டிங் வேலை. மீட்டிங்கில் "எஸ்", "ஓகே" தவிர எதுவும் சொல்ல மாட்டார். சிக்னல் கிடைக்க மாடிக்குப் போக வேண்டும் என்பதால் கேமராவும் போட மாட்டார். அவர் முறை வந்தது. டக் டக்கென்று சீராக ஓர் ஓசை, நடுவே இழுபடும் ஒரு சரசரப்பு. ரயில் என்றார் ஒருவர், நெல் மில் என்றார் இன்னொருவர், தையல் மெஷின் என்றேன் நான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: "எங்க வீட்டுப் பாய்த் தறி. அம்மாதான் ஓட்டுறாங்க." அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. காவிரிக் கரையில் கோரை எப்படி விளைகிறது, அறுத்து எப்படிக் கிழிக்கிறார்கள், எத்தனை நாள் வெயிலில் காய வேண்டும், சாயம் எப்படி ஏறுகிறது என்று பத்து நிமிடம் பேசினார். ஒருவர் "தம்பி, கல்யாணப் பாய் ஒன்று எனக்கு வேணும்" என்றார். அடுத்த வாரம் ஒரு மீட்டிங்கில், நாங்கள் எல்லோரும் சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தில் அதே தம்பி குறுக்கிட்டு, "இதுல ஒரு தப்பு இருக்கு, மூணு வாரமா சொல்லணும்னு நினைச்சேன்" என்றார். உண்மையிலேயே தப்பு இருந்தது. வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் திருத்தினோம். அந்த மூன்று வாரம் அவர் வாயை அடைத்தது கூச்சம் ஒன்றுதான். அந்தக் கூச்சத்தை உடைத்தது அவருடைய அம்மாவின் தறி.

இரண்டாவது காரியம் ஆடிப் பெருக்கு. 2020-இல் ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழகம் முழுவதும் தளர்வில்லாத ஊரடங்கு. காவிரிக் கரை அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு யாரும் போக முடியாத ஆடிப் பெருக்கை இந்த ஊர் அதற்கு முன் எப்போது கண்டது? மறுநாள் திங்கட்கிழமை மதியம், டீமில் எல்லோரும் கலந்த சாதம் கட்டிக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தோம். வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் செய்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் எல்லாம் வந்தன. கொல்கத்தாப் பெண் ஒருத்தி கிச்சடி வைத்திருந்தாள். தமிழ் தெரியாத அவளுக்கு, நதிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும் பழக்கத்தை ஆளுக்கொரு துண்டாக விளக்கினார்கள். ஒருவர் முளைப்பாரியைச் சொன்னார், ஒருவர் மஞ்சள் கயிற்றைச் சொன்னார், ஒருவர் சப்பரம் இழுத்த சிறுவயதைச் சொன்னார். அவள் தன் ஊரின் கங்கைக் கரையைச் சொன்னாள். நடுவில் என் அம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, "அந்தக் கல்கத்தாப் பொண்ணு தனியாவா இருக்கு? சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அவள் தட்டைத் தூக்கிக் காட்டினாள். பெங்களூரில் ஓர் அறையில் நான்கு மாதம் தனியாக இருந்த பெண் அவள். அன்று மாலை எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாள்: இன்று வீட்டில் சாப்பிட்டது போல இருந்தது.

இனி இத்தகைய கூடுகைகளை நடத்த நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில நெறிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். அலுவலக நேரத்துக்குள் நடத்துங்கள். இரவையும் ஞாயிற்றுக்கிழமையையும் தொடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பெண்களுக்கு வீட்டில் இன்னொரு வேலை தொடங்குகிறது. குழு ஒற்றுமையை உண்மையிலேயே மதிக்கும் நிர்வாகம் அதற்குச் சம்பள நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. ஆறு பேர், மிஞ்சினால் பத்துப் பேர். நூறு பேரைத் திரையில் கூட்டினால் தொண்ணூறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நிறுவனம் பெரிதென்றால் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, மாதம் ஒருமுறை ஆட்களை மாற்றி அமையுங்கள். வெவ்வேறு பிரிவினர் பழகுவதற்கு அந்தக் கலவைதான் வழி. மைக்ரோசாஃப்ட் ஆய்வு காட்டிய இழப்பு அங்கேதான் ஈடாகும்.

மூன்றாவது, திரையின் இயல்பறிந்து விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் சேர்ந்து பாட முடியாது. முயன்றவர்களுக்குத் தெரியும். கூடிப் பாடுகிறவர்களுக்கிடையே ஒலி முப்பது மில்லி நொடிக்கு மேல் தாமதித்தால் தாளம் விலகத் தொடங்கும். வீடியோ அழைப்பில் தாமதம் நூறு மில்லி நொடியைத் தாண்டிவிடுவது சாதாரணம். பஜனை கோஷ்டியைப் போல எல்லோரும் ஒரே குரலில் எடுத்தால் கலவரம்தான் மிஞ்சும். ஒருவர் முடித்த பின் ஒருவர் தொடங்கும் பாட்டுக்குப் பாட்டு அழகாக நடக்கும். விடுகதை நடக்கும். ஆளுக்கொரு வரியாகக் கதை கட்டுவது நடக்கும். கைபேசியோடு தன் தெருவில் நடந்து மலைக்கோட்டையையோ தன் ஊர்ச் சந்தையையோ காட்டுவது நடக்கும். நவராத்திரியில் கொலு வைத்திருப்பவர் படிக்குப் படி கதை சொல்வது நடக்கும். ரம்ஜான் நோன்புக் கஞ்சியை, கிறிஸ்துமஸ் குடிலை அந்தந்த வீட்டார் காட்டும்போது மற்றவர்கள் அறியாத ஒரு வீடு திறக்கிறது.

நான்காவது, கேமரா அவரவர் விருப்பம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் வீடியோ அழைப்பின் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல கண்கள் மிக அருகிலிருந்து நம்மையே உற்றுப் பார்ப்பது போன்ற உணர்வு, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, சைகைகளை மெனக்கெட்டு அனுப்பியும் புரிந்தும் கொள்ள வேண்டிய மனச் சுமை. நாள் முழுதும் அதில் உழன்றவரை விளையாட்டு என்ற பெயரில் மறுபடி அதில் உட்கார்த்துவது தகுமா? குரல் மட்டும் போதும். குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிலையம் தஞ்சை வயல்களில் ஒரு நெல்லுக்கே பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

ஐந்தாவது, ஒழுங்கு. ஒரே கிழமை, ஒரே மணி. ஆர்ப்பாட்டமாக ஆண்டுக்கொரு முறை நடத்துவதைவிட வாரந்தோறும் இருபது நிமிடம் மேல். நடத்தும் பொறுப்பையும் சுற்றில் விடுங்கள். மேலாளரே எப்போதும் நடத்தினால் அது இன்னொரு மீட்டிங். வர முடியாதவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வேலைப் பளு தாங்காமல் தவிக்கும் குழுவுக்கும், உழைப்புக்கேற்ற சம்பளம் கிடைக்காத குழுவுக்கும், இரவு பத்து மணிக்கு மேலாளரின் அழைப்பு வரும் குழுவுக்கும் விளையாட்டு மருந்தாகாது. அந்தக் குறைகளைத் தீர்க்காமல் பாட்டுக்குப் பாட்டு நடத்துவது, பசித்தவனைப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் போவது. முதலில் நியாயம். அதன் மேல்தான் மகிழ்ச்சி நிற்கும்.

அவையில் பெற்றோர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் மகனோ மகளோ மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசிக்கொண்டிருந்தால், இன்று இரவு சாப்பிடும்போது கேளுங்கள்: "உன்கூட வேலை பார்க்கிறவங்க யாரு? எந்த ஊரு? நல்லா இருக்காங்களா?" அவர்களுக்குப் பதில் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளும் ஆசை அந்தக் கேள்வியிலேயே பிறக்கலாம்.

குழுக்களுக்குப் பொறுப்பு வகிக்கும் இளைஞர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் டீமில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் யார் என்று இப்போதே உங்களுக்குத் தெரியும். அவர் முகம் மனதில் வந்திருக்கும். வருகிற வாரம் அவருக்கு ஒரு முறை கொடுங்கள். அவர் ஊரைப் பற்றி, அவர் வீட்டு ஓசையைப் பற்றி, அவர் அம்மா செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் கையைப் பிடித்து வடத்தின் மேல் வையுங்கள்.